ரொமான்ஸ் மொழிகளில் ‘நடத்தல்’: சொற்களும் அவற்றின் லத்தீன் வேர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொமான்ஸ் மொழிகள் என்பவை எவை? இந்தப் பக்கத்தில் அயற்சொற்கள் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன?

ரோமப் பேரரசின் நிலப்பரப்பில் மக்கள் பேசிய லத்தீன், பல நூற்றாண்டுகளில் இடத்துக்கு இடம் மாறி வளர்ந்ததால் பிறந்த மொழிகளுக்கே ரொமான்ஸ் மொழிகள் என்று பெயர். பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துக்கீசியம், கட்டலான், ருமேனியம் ஆகியவை அவற்றுள் பலரும் அறிந்தவை. ஆக்சிதான், சார்தீனியம், சிசிலியம், ஃபிரியூலியம் போன்றவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. பிரெஞ்சுச் சொற்கள் ஒலிப்பையும், ஏனைய மொழிச் சொற்கள் பெரும்பாலும் அவற்றின் எழுத்தையும் ஒட்டித் தமிழில் எழுதப்பட்டுள்ளன. நூல்களில் சான்று கிடைக்காமல், ஒலி மாற்ற விதிகளைக் கொண்டு அறிஞர்கள் மீட்டுருவாக்கிய சொற்களுக்கு முன்னே, மொழியியல் வழக்கப்படி உடுக்குறி (*) இடப்பட்டுள்ளது.

பழைய லத்தீனில் நடப்பதையும் போவதையும் குறிக்க என்னென்ன சொற்கள் இருந்தன?

பொதுவாகப் ‘போதல்’ என்பதற்கு ‘ஈரே’ என்ற வினை இருந்தது. காலால் நடப்பதற்கும் உலாவுவதற்கும் ‘அம்புலாரே’ என்றனர். விரைந்தோ துணிந்தோ முன்னேறிச் செல்வதை ‘வாதெரே’ குறித்தது. அடியெடுத்து வைப்பதற்குக் ‘கிராதி’, பெருமிதத்தோடு நடந்து வருவதற்கு ‘இன்கேதெரே’ என்று மேலும் சில வினைகள் இருந்தன. பின்வந்த மொழிகளின் வரலாறு பெரும்பாலும் முதல் மூன்று சொற்களின் வரலாறுதான்.

‘அம்புலாரே’ என்பதன் முதற்பகுதியான ‘அம்ப்’ என்பது ‘சுற்றி, இருபுறமும்’ என்று பொருள்படும் பழைய முன்னொட்டு. ஆகவே சுற்றி வருதல், உலவுதல் என்ற பொருளே அதற்கு அடிப்படை எனலாம். ஆயினும் மிகப் பழைய காலத்திலேயே அது வெறும் உலாவலைத் தாண்டிவிட்டது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பிளவுட்டஸின் நாடகங்களில், பயணம் புறப்படுவோரை ‘பெனெ அம்புலா’ என்று வாழ்த்தி வழியனுப்புகிறார்கள். நல்லபடியாகப் போய் வா என்பதே அதன் கருத்து. பேச்சு லத்தீனில் ‘நட’ என்ற சொல் ‘போ’ என்ற பொருளை நோக்கி நகரத் தொடங்கியதை அந்த வாழ்த்திலேயே காண்கிறோம்.

‘ஈரே’ போன்ற அடிப்படையான வினை ஏன் பல மொழிகளில் மறைந்துபோயிற்று?

அதன் குறுகிய உருவமே முதன்மையான காரணம். நிகழ்காலத்தில் ‘எஓ’ (போகிறேன்), ‘ஈஸ்’ (போகிறாய்), ‘இத்’ (போகிறான்) என்பன அதன் வடிவங்கள். ‘போ’ என்று ஒருவரை ஏவுவதற்கு வெறும் ‘ஈ’ என்ற ஓர் உயிரொலிதான் இருந்தது. பேச்சு லத்தீனில் சொல்லிறுதி மெய்கள் தேயத் தொடங்கியபோது இத்தகைய வடிவங்களில் காதுக்குப் பிடிபட எதுவும் எஞ்சவில்லை. அதோடு ‘போவேனாக, போவாயாக’ என்று பொருள்படும் ‘எஅம்’, ‘எஆஸ்’ ஆகியவை, ‘அவளை’, ‘அவர்களை’ என்று பொருள்படும் சுட்டுப்பெயர்களின் வடிவங்களோடு எழுத்தில் ஒன்றாகவே இருந்தன.

அன்றாடம் நூறு முறை தேவைப்படும் ஒரு வினை இவ்வளவு மெலிந்துபோனால், பேசுபவர்கள் அதற்குப் பதிலாகச் சற்று உடம்புள்ள சொல்லைத் தேடுவது இயல்பு. அவ்வாறு தேடியவர்களுக்குக் கிடைத்தவை ‘வாதெரே’யும் ‘அம்புலாரே’யும் ஆகும். கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உருவான விவிலிய மொழிபெயர்ப்பான வுல்காத்தாவில் இதைத் தெளிவாகக் காணலாம். ஒருவரை ‘போ’ என்று ஏவும் இடங்களில் ‘வாதே’ என்று வருகிறது. பலரை ஏவும் இடங்களிலோ ஈரசைகளைக் கொண்ட ‘ஈதே’ என்ற பழைய வடிவம் தொடர்ந்து நிற்கிறது. ஓரசை வடிவம் விழுந்துவிட, ஈரசை வடிவம் தப்பியது. யோவான் நற்செய்தியில் நோயாளியை நோக்கி இயேசு சொல்லும் ‘எழுந்து, உன் படுக்கையை எடுத்துக்கொண்டு நட’ என்ற தொடரின் இறுதிச் சொல் ‘அம்புலா’.

‘ஈரே’ எங்கும் ஒரேயடியாக அழிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் போதலைக் குறிக்கும் வினையின் பெயர் வடிவம் இன்றும் ‘இர்’ என்பதே. தென் இத்தாலியப் பேச்சுமொழிகளிலும், சிசிலியத்தின் ‘யிரி’ போல, அது வாழ்கிறது.

பிரெஞ்சில் ‘போகிறேன்’ என்பதற்கு ‘வே’, ‘போகிறோம்’ என்பதற்கு ‘அலோன்’, ‘போவேன்’ என்பதற்கு ‘இரே’ என்று வருவது ஏன்? இவை ஒரே வினையா?

இன்றைய இலக்கணத்தில் ஒரே வினை. பிறப்பால் மூன்று வினைகள். மொழி பயில்வோர் அதிகம் கேட்கும் கேள்வியும், இந்தப் பொருளிலேயே மிக அழகான பகுதியும் இதுதான். ‘வே, வா, வா, வோன்’ (போகிறேன், போகிறாய், போகிறான், போகிறார்கள்) ஆகியவை ‘வாதெரே’யின் பிள்ளைகள். ‘அலோன், அலே’ (போகிறோம், போகிறீர்கள்) ஆகியவையும் வினையின் பெயர் வடிவமான ‘அலே’யும், பெரும்பாலான அறிஞர்களின் கருத்துப்படி, ‘அம்புலாரே’யிலிருந்து வந்தவை. எதிர்கால ‘இரே’, ‘ஈரே’ என்ற பழைய வினையோடு ‘எனக்கு இருக்கிறது’ என்று பொருள்படும் ‘ஆபெஓ’ ஒட்டியதால் உண்டானது. ‘எனக்குப் போக வேண்டியிருக்கிறது’ என்ற கருத்துள்ள தொடர்தான் இறுகி ‘போவேன்’ ஆயிற்று.

இவ்வாறு வெவ்வேறு வேர்களிலிருந்து வடிவங்களை எடுத்து ஒரே வினையாகத் தைத்துக்கொள்வதை மொழியியலில் வேர்மாற்றம் என்பர். தமிழில் ‘வா, வருகிறேன், வந்தேன்’ என்று உருவம் மாறினாலும் அவை ஒரே வேரின் திரிபுகள்தாம். பிரெஞ்சு வினையில் நடந்திருப்பது திரிபு அன்று. ஒரு வேரின் இடத்தில் இன்னொரு வேர் குடியேறியிருக்கிறது.

இக்குடியேற்றத்துக்கு ஓர் ஒழுங்கும் உண்டு. இத்தாலியத்தில் ‘வாதோ, வாய், வா’ என்று ஒருமையிலும் ‘வான்னோ’ என்று படர்க்கைப் பன்மையிலும் வாதெரே வருகிறது. ‘அந்தியாமோ, அந்தாதே’ என்று தன்மைப் பன்மையிலும் முன்னிலைப் பன்மையிலும் வேறு வேர் வருகிறது. கட்டலானிலும் ‘வாச், வாஸ், வா, வான்’ ஒரு புறமும் ‘அனெம், அனெவு’ மறுபுறமும் நிற்கின்றன. அழுத்தம் வேரின் மீது விழும் இடங்களில் வாதெரேயும், விகுதியின் மீது விழும் இடங்களில் மற்றதும் அமைந்திருப்பதைக் கவனிக்கலாம். பயில்வோர் இதை ஒழுங்கற்ற வினை என்று அஞ்சி மனப்பாடம் செய்கின்றனர். என் பார்வையில், இலக்கண நூல்கள் இவ்வினையை விதிவிலக்குப் பட்டியலில் அடைத்துவிடாமல் அதன் வரலாற்றோடு கற்பித்தால், மாணவர்கள் அதைத் தயக்கமின்றி நினைவில் நிறுத்திக்கொள்வார்கள்.

ஸ்பானியத்தில் ‘ஃபுஇ’ என்பதற்குப் ‘போனேன்’ என்றும் ‘இருந்தேன்’ என்றும் இரு பொருள்கள் எப்படி வந்தன?

‘ஃபுஇ’ என்பது லத்தீனில் ‘இருந்தேன்’ என்பதே. ‘ஓர் ஊருக்கு இருந்தேன்’ என்ற அமைப்பில் அதைப் ‘போயிருந்தேன்’ என்ற பொருளில் கையாளும் பேச்சு வழக்கால், அது போதல் வினையின் இறந்தகாலமாகவும் நிலைபெற்றது. போர்த்துக்கீசியத்திலும் இதே நிலைதான். எனவே ஸ்பானிய ‘இர்’ என்ற வினைக்குள்ளும் மூன்று வேர்கள் உள்ளன: ‘வோய்’ (போகிறேன்) வாதெரேயிலிருந்தும், ‘இபா’ (போய்க்கொண்டிருந்தேன்) ஈரேயிலிருந்தும், ‘ஃபுஇ’ (போனேன்) ‘இருத்தல்’ வினையிலிருந்தும் வந்தவை. இரு பொருள்களுள் எது என்பதைச் சூழலே காட்டிவிடுவதால் பேசுவோர் குழம்புவதில்லை.

அந்தார், அந்தாரே, அனார், அலே ஆகிய நான்கும் ஒரே சொல்லிலிருந்து வந்தவையா?

ரொமான்ஸ் மொழியியலில் மிக நீண்ட காலமாக விவாதிக்கப்பட்டுவரும் சொற்பிறப்புச் சிக்கல்களுள் இது ஒன்று. ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் ‘அந்தார்’, இத்தாலியத்தில் ‘அந்தாரே’, கட்டலானிலும் ஆக்சிதானிலும் ‘அனார்’, பிரெஞ்சில் ‘அலே’, ஃபிரியூலியத்தில் ‘லா’ என்று இவை வழங்குகின்றன. பொருளால் இவை உடன்பிறந்தவை போலத் தோன்றினாலும், ஒலியால் ஒன்றோடொன்று எளிதில் பொருந்துவதில்லை.

ஒரு சாரார், எல்லாவற்றுக்கும் ‘அம்புலாரே’ ஒன்றே மூலம் என்பர். ‘அம்புலாரே’ குறுகி ‘*அம்லாரே’ ஆகி, ஓரிடத்தில் ‘அலாரே’ என்றும் வேறோரிடத்தில் ‘*அம்னாரே’ என்றும் பிரிந்தது என்பது இவர்கள் காட்டும் வழி. வழக்கமான ஒலி விதிகள் இவ்வளவு கடுமையான தேய்மானத்தை அனுமதிப்பதில்லை என்ற எதிர்ப்பு எழும்போது, மிக அதிகமாகப் புழங்கும் சொற்களும், அணிவகுப்பில் உரக்கக் கூவப்படும் ஏவற்சொற்களும் பிற சொற்களைக் காட்டிலும் விரைந்து தேயும் என்று அவர்கள் விடையளிப்பர். மற்றொரு சாரார், அந்தார், அந்தாரே ஆகியவற்றுக்கு ‘*அம்பிதாரே’ என்ற தனி வினையை முன்வைப்பர். ‘சுற்றிப் போதல்’ என்று பொருள்படும் ‘அம்பீரே’ என்ற லத்தீன் வினையோடு தொடர்புடையதாக இது மீட்டுருவாக்கப்படுகிறது. அந்த முன்னொட்டுக்குப் பின்னே உள்ள ‘த்’ ஒலி, அந்தாரேயில் உள்ள ‘ந்த்’ ஒலியை இயல்பாக விளக்கிவிடுகிறது என்பது இக்கருத்தின் வலிமை. ஆனால் அவ்வினைக்கு நேரடியான எழுத்துச் சான்று இல்லை.

பிரெஞ்சு ‘அலே’யைப் பொறுத்தவரை நமக்கு ஒரு நல்ல சான்று கிடைத்துள்ளது. 8-ஆம் நூற்றாண்டில் இன்றைய வட பிரான்சில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் ரைஹெனவ் சொற்பொருள் பட்டியல், வுல்காத்தாவில் மக்களுக்கு விளங்காமற்போன சொற்களுக்கு அக்காலத்தவர் அறிந்த எளிய சொற்களால் விளக்கம் தருகிறது. அதில் ‘கடந்து செல்லுதல்’ என்ற பொருளுள்ள பழைய லத்தீன் வினைக்கு விளக்கமாக ‘அலாரே’ என்ற வடிவம் இடம்பெறுகிறது. பெயரறியாத ஒரு துறவி தம் சக துறவியருக்கு உதவும் நோக்கத்தோடு எழுதிவைத்த அச்சிறு குறிப்பு, ‘அம்புலாரே’ என்ற நான்கசைச் சொல் ‘அலே’ என்று சுருங்கும் வழியில் இருந்த ஒரு படியை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

சான்றுகளை எடைபோட்டுப் பார்த்தால், பிரெஞ்சுக்கு ‘அம்புலாரே’ என்பது உறுதிக்கு மிக அருகில் நிற்கிறது. இத்தாலியத்துக்கும் ஸ்பானியத்துக்கும் இரு கருத்துகளும் இன்றும் உயிரோடு உள்ளன என்று கொள்வதே நேர்மையானது.

‘அம்புலாரே’ போதலைக் குறிக்கத் தொடங்கியதற்குப் பயண நூல்களில் சான்று உண்டா?

உண்டு. எகேரியா என்ற கிறிஸ்தவப் பெண்மணி, கி.பி. 380-களில் எருசலேம், சினாய் முதலிய இடங்களுக்குச் சென்ற தம் யாத்திரையைப் பேச்சுக்கு நெருக்கமான லத்தீனில் எழுதிவைத்தார். அதன் ஒரு பகுதியைக் கொண்ட கையெழுத்துப் படி 1884-இல் இத்தாலியின் அரெட்சோ நகரில் கண்டெடுக்கப்பட்டது. எஞ்சியுள்ள பகுதியின் தொடக்கத்திலேயே ‘இதற்கிடையில் நடந்து சென்று ஓரிடத்தை அடைந்தோம், நாங்கள் போய்க்கொண்டிருந்த மலைகள் அங்கே விரிந்தன’ என்ற கருத்தில் ஒரு வாக்கியம் வருகிறது. அதில் ‘நடந்து’ என்ற இடத்தில் ‘அம்புலாந்தேஸ்’ என்றும், ‘போய்க்கொண்டிருந்த’ என்ற இடத்தில் ‘ஈபாமுஸ்’ என்றும் எழுதுகிறார். பழைய வினையும் புதிய வினையும் ஒரே வாக்கியத்தில் அருகருகே நிற்கின்றன. பழையதற்கு எஞ்சியிருப்பது ‘ஈபாமுஸ்’ என்ற நீண்ட வடிவம் என்பதும் கவனத்துக்குரியது. ஒரு பெண் யாத்திரிகரின் எழுத்து லத்தீனின் வரலாற்றுக்கு இத்தனை பெரிய சான்றாக அமைந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி.

‘அம்புலாரே’யின் உருவத்தை நன்றாகக் காத்துவைத்திருக்கும் மொழி எது?

ருமேனியம். அங்கே ‘உம்ப்லா’ என்றால் நடந்து திரிதல். ‘சுற்றி உலாவுதல்’ என்று பொருள்படும் லத்தீன் ‘பெராம்புலாரே’ என்பது முதலில் ‘ப்ரெயும்ப்லா’ ஆகி, இன்று ‘ப்லிம்பா’ என்று குறுகி, மாலையில் காற்று வாங்க உலாவுவதைக் குறிக்கிறது.

பிரெஞ்சில் குதிரையின் ஒருவகை மென்னடையைக் குறிக்கும் ‘ஆம்ப்லே’ என்ற வினையும் இதன் வழி வந்ததே. இவை தவிர, கற்றோர் நேரடியாக லத்தீனிலிருந்து எடுத்துக்கொண்ட சொற்களும் உண்டு. போர்க்களத்தில் படையோடு இடம்பெயர்ந்துகொண்டே சிகிச்சை அளித்த மருத்துவமனையைப் பிரெஞ்சில் ‘நடமாடும் மருத்துவமனை’ என்று அழைத்தனர். அதிலிருந்த ‘நடமாடும்’ என்ற அடைமொழியிலிருந்து பிறந்ததே நாம் அன்றாடம் வழங்கும் ‘ஆம்புலன்ஸ்’.

ருமேனியத்தில் போதலுக்கு ‘மெர்ஜெ’ என்கிறார்களே, அதன் மூலம் என்ன?

லத்தீனில் ‘மெர்கெரே’ என்றால் நீரில் மூழ்குதல், அமிழ்தல். மூழ்குவது எப்படிப் போவதாயிற்று என்பதற்கு, மூழ்கும் பொருள் கண்ணிலிருந்து மறைகிறது, மறைவது விலகிப் போவதாகிறது என்று விளக்கம் கூறுவர். இதையொத்த வியப்பு ‘பிலிகாரே’ (மடித்தல்) என்ற லத்தீன் வினையிலும் உண்டு. ருமேனியத்தில் அதன் வழிவந்த ‘ப்லெகா’ புறப்படுதலையும், ஸ்பானியத்தில் அதன் வழிவந்த ‘யெகார்’ வந்துசேர்தலையும் குறிக்கின்றன. கூடாரத்தை மடித்தவர்கள் புறப்பட்டார்கள், பாயை மடித்த மாலுமிகள் கரை சேர்ந்தார்கள் என்று சொல்லப்படும் விளக்கம் புகழ்பெற்றது. எனினும் ஸ்பானியச் சொல்லுக்குக் கப்பலைக் கரையோடு சேர்ப்பதைக் குறித்த ‘அப்பிலிகாரே’ என்ற வினையும் பின்னணியாகக் காட்டப்படுகிறது.

‘கமினார்’ லத்தீன் சொல்லா?

லத்தீன் வழியாக வந்தது, லத்தீனில் பிறந்ததன்று. ஸ்பானிய ‘கமினார்’, இத்தாலிய ‘கம்மினாரே’, போர்த்துக்கீசிய ‘கமின்யார்’, பிரெஞ்சு ‘ஷெமினே’ ஆகியவை வழியைக் குறிக்கும் ‘கம்மீனுஸ்’ என்ற பிற்கால லத்தீன் பெயர்ச்சொல்லிலிருந்து தோன்றியவை. அப்பெயர்ச்சொல்லோ, ரோமர்கள் வெல்வதற்கு முன் அந்நிலங்களில் வாழ்ந்த கெல்ட் மக்களுடையது. பழைய அயர்லாந்து மொழியில் ‘கேம்’, வேல்ஸ் மொழியில் ‘கம்’ என்று ‘காலடி’யைக் குறிக்கும் சொற்கள் இதற்கு உறவானவை. ஸ்பெயினின் சரகோசாவுக்கு அருகே 1970-இல் கிடைத்த பொதொரீத்தா வெண்கலப் பட்டயத்தில் உள்ள ‘கமனோம்’ என்ற கெல்டிபேரியச் சொல்லுக்கும் ‘வழி’ என்றே அறிஞர் பலர் பொருள் கொள்கின்றனர். ஐரோப்பா முழுவதிலும் பெரும் சாலைகளை அமைத்த ரோமர்கள், தங்கள் குடிமக்களின் நாவில் வழியைக் குறிக்க ஒரு கெல்டியச் சொல்லை விட்டுச்சென்றிருக்கின்றனர்.

அடுப்பைக் குறிக்கும் ‘கமீனுஸ்’ என்ற கிரேக்க வழிச் சொல் வேறு. இத்தாலியத்தில் ஒற்றை ‘ம’கரம் வந்தால் கணப்படுப்பு, இரட்டித்தால் வழி.

நடத்தலுக்கு ஸ்பெயினில் ‘அந்தார்’ என்பதும், லத்தீன் அமெரிக்காவில் ‘கமினார்’ என்பதும் மிகுதியாக வழங்குகின்றன.

பிரெஞ்சில் நடத்தலைக் குறிக்கும் ‘மார்ஷே’?

‘அலே’ போதல் என்ற பொருளையே முழுதும் ஏற்றுக்கொண்டதால், காலால் நடப்பதைச் சொல்லப் பிரெஞ்சுக்கு வேறொரு சொல் தேவைப்பட்டது. அவ்விடத்தை நிரப்பிய ‘மார்ஷே’, பிராங்கியர் என்ற ஜெர்மானிய மக்களின் மொழியில் ‘அடையாளம் பதித்தல்’ என்று பொருள்பட்ட ‘*மார்கோன்’ என்பதிலிருந்து வந்ததாகப் பெரும்பாலோர் கருதுகின்றனர். தொடக்கத்தில் அதன் பொருள் ‘மிதித்தல்’. மண்ணில் தடம் பதிய மிதிப்பதே பின்னர் நடப்பதாயிற்று. படிக்கட்டின் ஒரு படியைப் பிரெஞ்சில் ‘மார்ஷ்’ என்பதிலும் மிதித்தல் என்ற பழம்பொருள் தெரிகிறது. படைநடை என்ற பொருளோடு இச்சொல் இத்தாலியத்துக்கும் ஸ்பானியத்துக்கும் பரவியது. இயந்திரம் இயங்குவதையும் காரியம் கைகூடுவதையும் ‘மார்ஷே’ குறிக்கும். ருமேனிய ‘மெர்ஜெ’யும் அவ்வாறே வழங்கும். நாம் ‘வேலை நடக்கிறது’ என்கிறோம் அல்லவா, அதே வகையான பொருள் விரிவு.

உலாவச் செல்வதற்கு என்ன சொற்கள்?

ஸ்பானிய ‘பசேயார்’, இத்தாலிய ‘பசெஜ்ஜாரே’, கட்டலான் ‘பசெஜார்’ ஆகியவை காலடியைக் குறிக்கும் ‘பஸ்ஸுஸ்’ என்ற லத்தீன் பெயரிலிருந்து வந்தவை. ரோமர்களின் அளவையில் ஒரு பஸ்ஸுஸ் என்பது 5 ரோமானிய அடி. இரு கால்களும் ஒருமுறை முன்வைக்கப்பட்ட தொலைவு அது. அவ்வாறு 1000 பஸ்ஸுஸ் கொண்டதே ரோமானிய மைல், ஏறத்தாழ 1,480 மீட்டர். மைல் என்ற சொல்லே ‘ஆயிரம்’ என்பதன் வழி வந்ததுதான்.

பிரெஞ்சில் ‘ப்ரோம்னே’ என்ற வினையின் வரலாறு இன்னும் சுவையானது. அதன் உட்பகுதியான ‘ம்னே’, லத்தீனில் ‘அச்சுறுத்துதல்’ என்று பொருள்பட்ட ‘மினாரீ’ வரை செல்கிறது. மேய்ப்பர்கள் கூச்சலிட்டு அதட்டி மாடுகளை ஓட்டியதால், அது 2-ஆம் நூற்றாண்டளவிலேயே ‘கால்நடைகளை ஓட்டுதல்’ என்ற பொருளைப் பெற்றது. பின்னர் ‘அழைத்துச் செல்லுதல்’ ஆயிற்று. தன்னைத்தானே அங்குமிங்கும் அழைத்துச் செல்வதே பிரெஞ்சுக்காரரின் உலாவல்.

‘அலைந்து திரியும் வீரன்’ என்பதில் உள்ள பிரெஞ்சு ‘எரான்’ என்பதற்குத் ‘தவறு செய்பவன்’ என்ற பொருளும் உண்டா?

இங்கே ஒரே உருவத்தில் இரு வினைகள் கலந்துவிட்டன. வழிதவறுதல், பிழைசெய்தல் என்ற பொருளுடையது லத்தீன் ‘எர்ராரே’. பயணம் செய்தல் என்ற பொருளுடையது பிற்கால லத்தீன் ‘இதெராரே’. பயணம் என்று பொருள்படும் ‘இதேர்’ என்ற பெயரிலிருந்து வந்த இது, மறைந்துபோன ‘ஈரே’க்கு உறவானது. ஒலி மாற்றங்களால் பழைய பிரெஞ்சில் இவ்விரண்டும் ஒரே வடிவை அடைந்தன. இடைக்காலக் கதைகளின் வீரர்கள் பயணம் செய்பவர்களே. ஸ்பானியத்தில் அவ்வீரனை ‘அந்தார்’ வினையிலிருந்து ‘அந்தாந்தே’ என்றே அழைத்தது பொருத்தமானது. இத்தாலிய இசையில் நடைவேகத்தைக் குறிக்கும் ‘அந்தாந்தே’யும் அதே அமைப்பில் பிறந்த சொல்.

போதல் வினை காலத்தைக் காட்டவும் பயன்படுகிறதா?

ஆம், பெரும்பாலும் எதிர்காலத்தைக் காட்ட. பிரெஞ்சு ‘வே ஷாந்தே’, ஸ்பானிய ‘வோய் அ காந்தார்’ ஆகியவை ‘பாடப்போகிறேன்’ என்பதைக் குறிக்கின்றன. தமிழ் வழக்கும் இதுவே என்பதால் நமக்கு இது எளிதில் விளங்கும். ஆனால் கட்டலானில் ‘வாச் காந்தார்’ என்றால் ‘பாடினேன்’. இடைக்காலத்தில் கதை சொல்வோர், நடந்து முடிந்த நிகழ்ச்சியை நிகழ்காலத்தில் வைத்து ‘அவன் போகிறான், அடிக்கிறான்’ என்ற பாணியில் உயிரூட்டிச் சொன்ன வழக்கம் நாளடைவில் இறந்தகால வடிவமாக இறுகிவிட்டது என்று விளக்குகின்றனர். இன்று பெரும்பாலான கட்டலான் பேச்சு வழக்குகளில் இதுவே இயல்பான இறந்தகாலம். ‘காந்தீ’ என்ற பழைய ஒற்றைச்சொல் வடிவம் பெரும்பாலும் எழுத்தில் வழங்குகிறது. கட்டலான் பயிலத் தொடங்கும் ஸ்பானிய மொழியினர் முதலில் இடறுவதும் இவ்விடத்தில்தான். ‘வாச்’ என்பதற்குப் பின் வினை நேராக வந்தால் இறந்தகாலம், இடையே ‘அ’ என்ற இடைச்சொல் வந்தால் ‘பாடச் செல்கிறேன்’ என்று உண்மையாகவே காலால் புறப்படுவது.